ஒன்பதாவது உயிர்

போர்ட் கொச்சிக் கடற்கரையில், சீன வலைகள் இறங்கி ஏறும் இடத்தில் மாலை வேளையில் சற்று நின்று பார்த்த அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வலை நீரிலிருந்து எழும்பும்போது, வலையை இழுப்பவர் பார்ப்பதற்கு முன்பே அதிலுள்ள மீனைப் பார்த்துவிடும் கண்கள் அங்கு உண்டு. அவை பூனைகளின் கண்கள். கற்களின் மேலும், மீன் கூடைகளின் பக்கத்திலும், கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலிலும் அமர்ந்து, உலகில் தமக்கு ஒரு குறையும் இல்லை என்னும் பாவனையில் அவை காத்திருக்கும். அவற்றுள் ஒன்று தொப்பியும் பூட்ஸும் அணிந்து, இடையில் வாளும் தாங்கி எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நம் வீட்டுச் சிறுவன் ஒருநாள் கேட்டான். அதற்குக் காரணம், முந்திய இரவு நம் வீட்டுத் தொலைக்காட்சியில் அவன் பார்த்த ஒரு சித்திரப் படம். அந்தப் படத்தைப் பற்றியும், அதனால் நம் இல்லத்தில் எழுந்த ஒரு பேச்சைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறோம். படத்தை இனிமேல் பார்க்க எண்ணியிருப்போர், கதையின் முடிவையும் நாம் சொல்லிவிடப் போகிறோம் என்பதை இப்பொழுதே அறிந்துகொள்வது நலம்.

படத்தின் பெயர் 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்'. 'பூட்ஸ் அணிந்த பூனையார்: கடைசி வரம்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் தயாரித்து, ஜோயல் கிராஃபோர்ட் என்பவர் இயக்கி, 2022 டிசம்பரில் வெளிவந்தது. இதற்கு முந்திய பாகம் 2011இல் வந்தது. இப்பூனையார் வெள்ளித்திரையில் முதன்முதல் தலைகாட்டியது 2004இல் வந்த 'ஷ்ரெக் 2' என்னும் படத்தில். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பிரெஞ்சு நாட்டு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதைத் தொகுதியில், மாவு ஆலைக்காரர் ஒருவரின் கடைசி மகனுக்குத் தந்தைவழிச் சொத்தாகக் கிடைத்த பூனையாக இவரைச் சந்திக்கலாம். முந்நூறு வயதைக் கடந்த பூனை என்க!

இரண்டாம் பாகம் என்று கேட்டதும் நாம் பெரிதாக ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை. முதற்பாகத்தில் சேர்ந்த புகழைச் சில்லறையாக மாற்றிச் செலவழிப்பதே பெரும்பாலான இரண்டாம் பாகங்களின் வேலை. சிறுவனைச் சாப்பிட வைக்க ஒரு படம் வேண்டியிருந்தது; போட்டோம். கால்மணி நேரம் கழிந்தபோது சாப்பிடாமல் இருந்தவர்கள் நாங்கள்தாம்.

கதை ஆரவாரமாகத் தொடங்குகிறது. பூனையார் பாடுகிறார், ஆடுகிறார், உறங்கிக் கிடந்த அரக்கன் ஒருவனை எழுப்பிவிட்டு அவனோடு பொருது வெல்கிறார். ஊர் கூடி வாழ்த்தும் அந்த நேரத்தில், மேலேயிருந்து பெரிய மணி ஒன்று அவர் தலைமேல் விழுகிறது. இறந்து போகிறார். கண் விழித்தால் எதிரே வைத்தியர். எத்தனை முறை இறந்திருக்கிறீர்கள் என்று வைத்தியர் வினவ, அதையெல்லாம் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்கிறார் பூனையார். பிறகு இருவருமாக எண்ணுகிறார்கள். ஒருமுறை பீரங்கியில் புகுந்து பறந்தது. ஒருமுறை பூனை எப்படி விழுந்தாலும் காலில்தான் விழும் என்று பெருமை பேசிக் கோபுரத்திலிருந்து குதித்தது. ஒருமுறை காளைகளின் முன் ஓடியது. எட்டு உயிர்கள் இப்படிப் போயின. ஒவ்வொன்றும் வீம்பில் போனது. மிஞ்சியிருப்பது ஒன்பதாவது.

பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலேயர் வழக்கு. ஸ்பெயின் நாட்டாரும், இந்தக் கொச்சியில் கோட்டை கட்டிய போர்த்துக்கீசியரும் ஏழு என்பர். இரண்டு உயிர் எப்படிக் குறைந்தது என்று ஆராய்வது நம் வேலையன்று. ஆயினும் ஏழு என்னும் எண் நமக்கு அயலானதன்று. எழுபிறப்பு என்று நம் முன்னோர் மனிதனுக்கே கணக்கு வைத்திருக்கின்றனர்.

இனிச் சாகசத்தை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்று வைத்தியர் சொன்னதைப் பூனையார் சிரித்து ஒதுக்குகிறார். மதுக்கடையில் சென்று தம் வழக்கப்படி பால் அருந்த அமர்கிறார். அப்பொழுது ஒரு சீழ்க்கை ஒலி கேட்கிறது. பக்கத்தில் வெண்ணிற ஓநாய் ஒன்று, கரிய போர்வையும் சிவந்த கண்களுமாக நிற்கிறது. கையில் இரண்டு அரிவாள்கள். பூனையார் வாளை உருவுகிறார். சில நொடிகளில் வாள் கையை விட்டுப் போகிறது. நெற்றியில் ஒரு கீறல். ஒரு துளி இரத்தம். எந்த வாளும் தம்மைத் தீண்டியதில்லை என்று பாடித் திரிந்தவருக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்க்கிறது. வாழ்நாளில் முதன்முறையாகப் புறங்காட்டி ஓடுகிறார். தம் தொப்பியையும் பூட்ஸையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, பூனைகளை வளர்க்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில் போய்ச் சாதாரணப் பூனையாக ஒளிந்துகொள்கிறார்.

அந்த ஓநாய் பணத்துக்காக வேட்டையாடும் கூலிக்காரன் என்று அவரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். அவன் மரணமே என்பது பின்னர்தான் வெளிப்படுகிறது. உவமையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே மரணம் என்று அவனே சொல்லிவிடுகிறான். எட்டு உயிர்களையும் மதியாமல் எறிந்தவன் ஒன்பதாவதையும் அவ்வாறே எறிவான், அதற்கு முன் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பது அவனுடைய கோபம். அவ்வளவு நியாயமான கோபம் ஒரு வில்லனுக்கு வாய்ப்பது அரிது.

இந்த இடத்தில் நமக்கு நம் ஊர்க் காலன்களின் நினைவு வந்தது. தமிழ்த் திரையில் யமனை நாம் பெரும்பாலும் சிரிப்பதற்கே அழைத்திருக்கிறோம். 1980இல் சிவாஜி கணேசன் நடித்த 'யமனுக்கு யமன்', 1990இல் ரஜினிகாந்த் நடித்த 'அதிசயப் பிறவி' ஆகிய படங்களில் யமலோகம் ஓர் அரசாங்க அலுவலகம் போலவே நடைபெறும். கணக்கெழுதுகிற சித்திரகுப்தர் பிழை செய்வார். ஆள் மாறிப் போவார். மாறிப் போனவர் உரிமை கேட்டுத் திரும்பி வருவார். அச்சத்தைச் சிரிப்பால் ஓட்டுவதும் ஒரு வழிதான். அதனை நாம் குறை கூறவில்லை. புராணத்துக்குப் போனால் வழிகள் வேறு. திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காக இறைவனே காலனை உதைத்தார். அதனால்தான் இன்றும் அறுபது நிறைந்தவர்கள் அங்கே சென்று மீண்டும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சாவித்திரி சொல்வன்மையால் கணவனை மீட்டாள். கடோபநிடதத்துச் சிறுவன் நசிகேதன் மட்டும் சற்று வேறு வகை. யமன் வீட்டு வாயிலில் மூன்று இரவு பட்டினி கிடந்து, நீண்ட ஆயுளும் பொன்னும் யானையும் தருகிறேன் என்று அவன் ஆசை காட்டியபோது அவையெல்லாம் வேண்டா, இறந்தபின் என்ன ஆகிறது என்பதைச் சொல் என்று கேட்டவன். பூனையாரின் கதை எங்கு முடிகிறது என்று பார்க்கும்போது, அவர் மார்க்கண்டேயனைக் காட்டிலும் நசிகேதனுக்கே உறவினர் என்று நமக்குப் பட்டது.

விழுந்த விண்மீன் ஒன்று இருண்ட காட்டில் கிடக்கிறது. அதனிடம் ஒரே ஒரு வரம் இருக்கிறது. அதற்கு வழிகாட்டும் வரைபடமும் இருக்கிறது. இழந்த எட்டு உயிர்களை மீட்டுக்கொள்ளலாம் என்று பூனையார் புறப்படுகிறார். உடன் வருவோர் இருவர். ஒருத்தி கிட்டி என்னும் பூனை. முன்னொருநாள் இவர் திருமண நாளன்று கைவிட்டு ஓடிய மணமகள். மற்றொன்று பெயரே இல்லாத ஒரு தெருநாய்க்குட்டி. அதனை வளர்த்த வீட்டார் ஒரு காலுறைக்குள் கல்லோடு சேர்த்துக் கட்டி ஆற்றில் எறிந்தார்களாம். அது தப்பித்து, அந்தக் காலுறையையே சட்டையாகப் போட்டுக்கொண்டு, அதை ஏதோ வேடிக்கை விளையாட்டு போலச் சிரித்துக்கொண்டே சொல்கிறது. கேட்கிறவர்கள் முகம் வாடுகிறது. அதன் முகம் வாடவில்லை.

வரைபடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதனைக் கையில் ஏந்துபவர் யாரோ அவர் மனத்துக்கு ஏற்பக் காட்டின் வழி மாறும். பூனையார் தொட்டால் நெருப்புப் பள்ளத்தாக்கு; கிட்டி தொட்டால் துயரச் சதுப்பு; அந்த நாய்க்குட்டி தொட்டால் பூந்தோட்டமும் ஓய்வாக ஓடும் ஆறும்! வரம் கேட்பதற்கே ஒன்றும் இல்லாதவனுக்குத்தான் வழி எளிதாகிறது. இதை யாரும் நின்று விளக்கிச் சொல்வதில்லை. குழந்தைகள் தாமே கண்டுகொள்கிறார்கள்.

படத்தில் நாம் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் காட்சி, சண்டை எதுவும் இல்லாத ஒன்று. ஓநாயைக் காட்டில் கண்ட பூனையார் அலறி ஓடி, ஒரு மரத்தடியில் சாய்ந்து மூச்சு வாங்குகிறார். நெஞ்சு படபடக்கிறது, பேச்சு வரவில்லை. நாய்க்குட்டி பின்னாலேயே வருகிறது. என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. அஞ்சாதே என்று சொல்வதுமில்லை. மெல்லத் தன் தலையை அவர் வயிற்றின்மேல் வைத்துப் படுத்துக்கொள்கிறது. சற்று நேரத்தில் மூச்சு அமைகிறது. இவ்வளவே. சித்திரத்தில் தீட்டிய ஒரு பூனையின் மூச்சு தணிவதைப் பார்த்து நாமும் மூச்சு விட்டோம்.

குறைகளும் உண்டு. விண்மீனைத் தேடி இவர்களை மட்டுமன்றி, மூன்று கரடிகளோடு ஒரு பெண்ணும், உலகத்து மாயமெல்லாம் தனக்கே வேண்டும் என்னும் ஜாக் ஹார்னரும் துரத்துகிறார்கள். கரடிகளின் கதை உருக்கமானது. ஹார்னரின் பகுதி இரைச்சல் மிக்கது. தன் ஆட்களையே அவன் பலியிடுவது சிரிப்புக்காக வைக்கப்பட்டிருப்பது நமக்கு உவப்பாயில்லை. ஓநாய் வரும் இடங்களில் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் அஞ்சக்கூடும். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. சித்திர வேலை மிகவும் அழகியது. தூரிகைத் தீற்றல் தெரியும்படி ஓவியம் போலவே தீட்டியிருக்கிறார்கள். வினாடிக்கு 24 படங்கள் ஓடுவது திரைப்பட வழக்கு. சண்டைக் காட்சிகளில் உருவங்களின் அசைவை வேண்டுமென்றே அதனினும் குறைத்து, வெட்டி வெட்டி நகர விட்டிருப்பதால் பழைய சித்திரக்கதைப் புத்தகத்தைப் புரட்டும் உணர்வு உண்டாகிறது. ஆஸ்கர் பரிசுக்கு இப்படம் முன்மொழியப்பட்டது. 2023 மார்ச்சில் அப்பரிசைப் பெற்றது கியர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ'. விந்தை என்னவெனில் அதிலும் மரப்பொம்மைச் சிறுவன் இறந்து இறந்து மீள்கிறான். கடைசியில் தன்னை வளர்த்த கிழவனைக் காக்கச் சாகாத் தன்மையைத் துறக்கிறான். ஒரே ஆண்டில் சிறுவர்க்கென வந்த இரு படங்கள், பல உயிர்களைக் கொடுத்து ஓர் உயிரை வாங்குகின்றன!

இனி நம் வீட்டுப் பேச்சுக்கு வருகிறோம்.

சென்ற பங்குனியில் நம் அன்னையார் தென்காசிக்கு அருகிலுள்ள நம் சிற்றூரில் காலமானார். செய்தி மாலையில் தொலைபேசியில் வந்தது. அயலூரில் பிழைக்க வந்த நம்மவர் எல்லோருக்கும் அந்தத் தொலைபேசி அழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். பெட்டியில் இரண்டு வேட்டி, எறணாகுளத்துக்குப் படகு, தென்காசி வழியாகப் போகும் இரவு வண்டி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு மறுநாள் முதல் ஆண்டுத் தேர்வு. அவனைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் விட்டுவிட்டு, "ஆச்சிக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லிப் புறப்பட்டோம். துணைவியார் மூன்றாம் நாளே திரும்பினார். நாம் பதினாறு கழித்து வந்தோம். மொட்டைத் தலையைப் பார்த்துச் சிறுவன் சிரித்தான். எதற்கு என்று கேட்டான். திருச்செந்தூரில் வேண்டுதல் என்றோம்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதன்று, வாயில் வந்தது. பிறகு, ஆச்சி சாமியிடம் போயிருக்கிறாள் என்றோம். எப்பொழுது வருவாள் என்றான். பேச்சை மாற்றினோம்.

நாம் சிறுவராக இருந்தபோது மரணத்தை யாரும் நமக்கு மறைத்ததில்லை. மறைக்க இடமும் இல்லை. தெருவில் சங்கு ஊதும், பந்தல் போடுவார்கள், தாத்தாவின் வாயில் அரிசி போடச் சொல்லி நம் கையிலும் கொடுப்பார்கள். அழுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அன்று ஒன்றும் விளங்கவில்லை. ஆயினும் நடந்தது நடந்தது என்று தெரிந்தது. அயலூரில் வளரும் நம் குழந்தைகளுக்கோ மரணம் என்பது பெற்றோர் அவசரமாகப் பெட்டி கட்டுவதும், சில நாள் கழித்து முகம் மாறித் திரும்புவதும்தான். நடுவில் என்ன நடந்தது என்பது அவர்கள் அறியாதது. ஊரை மட்டுமா அவர்களுக்கு நாம் தொலைவாக்கினோம்?

இத்தனைக்கும் நாம் வாழும் இவ்வூர் தன் இறந்தோரை ஒளித்து வைத்த ஊர் அன்று. புனித பிரான்சிஸ் ஆலயத்துக்குள் நுழைந்தால் வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்த இடத்தைக் கல் நாட்டிக் காட்டியிருக்கிறார்கள். 1524 டிசம்பரில் இக்கொச்சியில் அவர் உயிர் நீத்தார். சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைத் தம் நாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அயலூரில் இறந்தவரைச் சொந்த மண்ணில் சேர்க்கத் துடிப்பது நம்மவர்க்கு மட்டும் உரிய குணமன்று போலும். கடற்கரையை ஒட்டிய டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், 1724 முதல் அடங்கியவர்கள் நூற்றுக்கு மேற்பட்ட சமாதிகளில் திரும்பிப் போகாமலே கிடக்கிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 31 நள்ளிரவில் இங்கே பாப்பாஞ்ஞி என்னும் கிழவனின் பெரிய உருவத்தைக் கொளுத்தி, போகும் ஆண்டுக்கு விடை கொடுக்கிறார்கள். நம் மகன் ஆண்டுதோறும் நம் தோளின்மேல் அமர்ந்து அதைப் பார்த்துக் கைதட்டியவன். கிழவன் எரிவதை ஊரே கூடிக் காட்டலாம். ஆச்சி எரிந்ததைச் சொல்லக்கூடாது என்று நாம் மட்டும் முடிவு செய்திருந்தோம்.

படத்தின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. விண்மீனின்மேல் ஓநாய் வந்து நிற்கிறான். வரைபடம் பூனையாரின் கையில் இருக்கிறது; சொல்லிவிட்டால் உயிர்கள் திரும்பும். அவர் வரைபடத்தை விட்டெறிந்துவிட்டு வாளை எடுக்கிறார். உன்னை வெல்ல முடியாது என்று அறிவேன், இருந்தாலும் இந்த ஓர் உயிருக்காகப் போராடுவதை விடமாட்டேன் என்கிறார். ஓநாய்க்குக் கோபம், பிறகு ஒருவகை மரியாதை. வீம்புக்காரனைக் கொல்ல வந்தேன், அவன் இங்கே இல்லை என்பது போலத் திரும்பி நடக்கிறான். நல்லபடி வாழ்ந்திரு, மீண்டும் சந்திப்போம் என்று சொல்லிச் செல்கிறான். ஆம் என்கிறார் பூனையார். தப்பித்துவிட்டோம் என்று அவர் துள்ளவில்லை. காலனை உதைப்பாரும் இல்லை, சொல்லால் மடக்குவாரும் இல்லை. வருவேன் என்றவனுக்கு வா என்று விடை கொடுக்கிறார்.

திரை இருண்டது. சிறுவன் நம் பக்கம் திரும்பினான்.

"அப்பா, ஆச்சிக்கு எத்தனை உயிர் இருந்தது?"

துணைவியார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். நாம் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒன்றுதான்" என்றோம்.

"அது தீர்ந்து போய்விட்டதா?"

"ஆமாம். பங்குனியில் தீர்ந்தது."

அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி தொலைபேசியில் பேசியதைக் கேட்டிருக்கிறான். நாம் சொல்வோம் என்று இத்தனை நாளும் காத்திருந்தானாம். நாம் வருந்துவோமே என்று கேட்கவும் இல்லையாம். எட்டு வயதுப் பிள்ளை நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்!

அன்றிரவு அவன் கேள்விகள் ஓயவில்லை. ஆச்சி அந்த ஓர் உயிரை எதிலெல்லாம் செலவழித்தாள் என்று கேட்டான். நாம் அறிந்ததையெல்லாம் சொன்னோம். பீடிக்கு இலை வெட்டிச் சுருட்டி நம்மைப் படிக்க வைத்ததைச் சொன்னோம். குளத்தில் விழுந்த அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்ததைச் சொன்னோம். தென்காசிச் சந்தையில் அரையணா குறைப்பதற்காக ஒரு மணி நேரம் வாதாடியதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். மொட்டைத் தலையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட்டோம். "திருச்செந்தூர் பொய்யா?" என்று ஒரு பார்வை பார்த்தான், அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. நடுவில் சற்று அழுதான். அப்பொழுது என்ன சொல்வது என்று தெரியாமல், அந்த நாய்க்குட்டி செய்ததை நினைத்துக்கொண்டு பேசாமல் பக்கத்தில் படுத்தோம்.

வரும் ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தாமிரபரணியில் மூழ்கி அன்னையாருக்கு எள்ளும் நீரும் இறைக்க எண்ணியிருக்கிறோம். இம்முறை மூன்று பயணச் சீட்டுகள் வாங்கியாயிற்று. பள்ளிக்கு ஒருநாள் விடுப்புக் கேட்டுக் கடிதமும் எழுதியாயிற்று. காரணம் என்ற இடத்தில் ஆச்சியின் காரியம் என்றே எழுத வேண்டும் என்று மகன் சொன்னான், அப்படியே எழுதினோம். வண்டியில் ஜன்னலோர இடம் தனக்கே வேண்டும் என்பதும் அவன் போட்ட நிபந்தனைகளுள் ஒன்று.